இளங்குழவிகளும் விலையிலா மருத்துவமும்

(மேனாம்பேட்டில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தோற்றுவாய்

தமிழ் கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டார் அவையேறின், காப்பியச் சுவையோ இலக்கண நுட்பமோ எடுத்துரைப்பர் என்று எதிர்பார்த்தல் இயல்பு. இன்று யாம் அவ்வழிச் செல்லாது, நம் இல்லங்களில் தொட்டிலிற் கிடக்கும் குழவிகளைப் பற்றிப் பேச எழுந்துள்ளோம். அதற்குக் காரணம் உண்டு. நம் குலத்திற் பிறந்த ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளின் மருத்துவச் செலவுக்கென ஒரு நிதி திரட்டுதல் வேண்டும் என்னும் தீர்மானம், செயற்குழுவின் ஒப்புதல் பெற்று, அடுத்த பொதுக்கூட்டத்தில் உங்கள் முன் வரவிருக்கின்றது. அதனை முன்மொழிந்தார் உள்ளம் அருள் நிறைந்தது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும், அத்தீர்மானம் செல்ல வேண்டிய தொலைவிற் பாதியே சென்று நின்றுவிட்டது என்பது எம் துணிபு. எஞ்சிய பாதி யாது என்று காட்டுதலே இவ்வுரையின் நோக்கம்.

யாம் கூறப்போவது இது. இளங்குழவிக்கு மருத்துவம் செய்தல் குழவியின் உரிமை, நாட்டின் கடன். அவ்வுரிமைக்கு வயது ஒன்றே சான்றாதல் வேண்டும். பெற்றோர் வருமானமும், அவர் கையிலுள்ள சீட்டும், அவர் பிறந்த குலமும் குழவிக்கும் மருந்துக்கும் இடையே வந்து நிற்றல் கூடாது.

முதற்கண் காப்பு

நம் முன்னோர் பிள்ளைத்தமிழ் என்னும் நூல்வகை ஒன்றனை வகுத்தனர். அதன்கண் பருவங்கள் பத்து. ஆண்பாற் பிள்ளைத்தமிழாயினும் பெண்பாற் பிள்ளைத்தமிழாயினும் முதல் ஏழு பருவங்கள் பொது; அவற்றுள்ளும் முதலாவது காப்புப் பருவம். குழவி தலையசைத்துச் செங்கீரை ஆடுதற்கும், கைகொட்டிச் சப்பாணி கொட்டுதற்கும், அம்புலியை அழைத்தற்கும் முன்னர், அது உயிருடன் இருத்தல் வேண்டுமன்றோ? ஆதலின், தெய்வங்களை வேண்டிக் குழவிக்குக் காப்புக் கூறிய பின்னரே புலவர் பிறவற்றைப் பாடப் புகுந்தனர். பண்டைத் தமிழர் தம் மைந்தர்க்கு ஐம்படைத்தாலி அணிந்ததும் இக்கருத்துப் பற்றியே. தொட்டிலில் இட்ட பிள்ளை நடக்கும் பருவம் எய்துமோ என்னும் அச்சம் தலைமுறைதோறும் தாய்மாரை வருத்தி வந்தமைக்கு இவையெல்லாம் சான்று.

இற்றைநாளில் அக்காப்பு வேறு வடிவில் வந்துள்ளது. பிறந்தவுடனே காசநோய்த் தடுப்பூசியும், இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்தும், கல்லீரல் அழற்சிக்கான ஊசியும் இடுகின்றனர். 6, 10, 14ஆம் வாரங்களில் ஐந்து நோய்களை ஒருங்கே தடுக்கும் ஊசியும், வயிற்றுப்போக்கையும் நுரையீரல் அழற்சியையும் தடுக்கும் மருந்துகளும் தருகின்றனர். 9ஆம் மாதம் நிறைந்தபின் ஒருமுறையும், 16 முதல் 24 மாதங்களுக்குள் மறுமுறையும் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்குமான ஊசி இடப்பெறும். ஐந்து நோய்த் தடுப்பூசியை அரசு வழி வழங்குதல் 2011ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமே முதன்முதல் தொடங்கப்பெற்றது என்பது நாம் மகிழ்தற்குரிய செய்தி.

அரசு நிலையத்தில் இவ்வூசி இடும் செவிலி, குழவியின் தந்தை யாது பொருளீட்டுகின்றார் என்று கேட்பதில்லை, எக்குலம் என்று வினவுவதில்லை, விலையும் பெறுவதில்லை. வயதை மட்டுமே பார்க்கின்றார். நோய் வருமுன் காக்கும் மருந்துக்கு இம்முறை நன்று எனின், நோய் வந்தபின் தீர்க்கும் மருந்துக்கு மட்டும் வேறு முறை ஏன்? இவ்வினாவே எம் உரைக்கு வேர்.

குழவி நோயின் இயல்பு

வளர்ந்தார் நோயும் குழவி நோயும் ஒரு தன்மையன அல்ல. வளர்ந்தார் தமக்கு உற்றதை வாயாற் சொல்வர். குழவி அழுதலன்றி வேறறியாது. நோய் முற்றியவழி அழவும் மாட்டாது. வளர்ந்தார் உடல் ஒருநாட் பேதியைத் தாங்கும். சில திங்களே ஆன குழவியின் உடல் நீர் சில மணி நேரத்திற் குன்றிவிடும். மூச்சு நோயும் அத்தகையதே. இரண்டு திங்களுக்குட்பட்ட குழவி நிமிடத்திற்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு விடுமாயினும், இரண்டு திங்கள் முதல் ஓராண்டு வரையுள்ளது 50 முறையோ மேலோ விடுமாயினும், ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ளது 40 முறையோ மேலோ விடுமாயினும், அது நுரையீரல் அழற்சியின் அறிகுறி. மூச்சிழுக்குங்கால் விலாவின் கீழ்ப்புறம் உள்வாங்குமாயின் ஒரு நாழிகையும் தாழ்த்தலாகாது. இங்குள்ள தாய்மார் அனைவரும் இவ்வெண்களை மனத்திற் பதித்துக்கொள்க. கடிகாரம் ஒன்றும் கண்ணும் போதும், இதற்குப் பொருட்செலவில்லை.

இங்ஙனம் விரையும் நோய்க்கு முன், விலை என்பது என் செய்கின்றது? காலத்தாழ்வை உண்டாக்குகின்றது. "சம்பளம் வரட்டும், சனிக்கிழமை காட்டுவோம்" என்று தந்தை சொல்கின்றார். சென்ற முறை எழுதிக் கொடுத்த பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் அதே மருந்தை வாங்கி வருகின்றார். அவர் அன்பிலாதவர் அல்லர். பையிலுள்ள பணத்தை எண்ணிப் பார்ப்பவர். மருத்துவர் கட்டணம், இரத்தச் சோதனை, மருந்து, போக்குவரத்து என ஒருநாட் கூலியோ இருநாட் கூலியோ கரைந்துவிடும் என்பதை அவர் அறிவார். அவ்வெண்ணிக்கை முடியும்வரை நோய் காத்திராது. ஆதலின், குழவி மருத்துவத்திற்கு விலை வைத்தல் காலத்திற்கு விலை வைத்தலேயாகும்.

எளிய மருந்து காலத்திற் கிடைப்பின் என்ன நிகழும் என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். 1971ஆம் ஆண்டு வங்கப் போரின்போது எல்லை கடந்து வந்த ஏதிலிகள் தங்கிய பன்காவ் முகாமில் வாந்திபேதி பரவிற்று. நரம்பு வழி ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலனாபிஸ் என்னும் மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, உற்றாரைக் கொண்டே நோயாளர்க்குப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு, நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கிற்று. இன்று அக்கரைசற் பொடியும் துத்தநாக மாத்திரையும் அரசு நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கின்றன.

நம் நாட்டிற் செய்தனவும் செய்ய வேண்டியனவும்

அரசு ஒன்றும் செய்திலது என்று பழித்தல் எம் கருத்தன்று. உண்மையை உள்ளவாறு கூறுதல் வேண்டும். 1971ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் உயிருடன் பிறந்த 1,000 குழவிகளுள் 113 ஓராண்டு நிறையுமுன் மாண்டன. 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி அத்தொகை 13. அவ்வாண்டில் இந்தியா முழுமைக்கும் 28. நூறு தாய்மார் அழுகை நின்றது எனின், அது ஊர்தோறும் சென்ற செவிலியராலும், விலையின்றி இட்ட ஊசியாலும், மருத்துவமனையில் நிகழ்ந்த மகப்பேறுகளாலும், பள்ளி சென்று படித்த பெண்களாலும் விளைந்தது.

1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தால் அங்கன்வாடிகள் தோன்றின. 2011ஆம் ஆண்டு சூன் முதல் நாள் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா என்னும் திட்டம், அரசு மருத்துவமனையில் மகப்பேறுற்ற தாய்க்கும், பிறந்து 30 நாட்களுக்குட்பட்ட நோயுற்ற குழவிக்கும், மருந்து, சோதனை, குருதி, ஊர்தி ஆகிய யாவும் கட்டணமின்றி வழங்குதல் வேண்டும் என விதித்தது. பின்னர் ஓராண்டு வரையுள்ள குழவிகட்கும் அது விரிக்கப்பெற்றது. 2013ஆம் ஆண்டு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகட்கு ஆண்டில் இருமுறை சென்று, பிறவிக் குறைகளையும் சத்துக் குறைகளையும் வளர்ச்சித் தாழ்வையும் ஆராய்தல் வேண்டும். 1968ஆம் ஆண்டு முதல் எழும்பூரில் இயங்கும் குழந்தைகள் மருத்துவமனையின் வாயிலில் எவர் வருமானத்தையும் எவரும் கேட்பதில்லை. 108 ஊர்தி 2008ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் ஓடுகின்றது.

இவையெல்லாம் இருந்தும், 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுவது யாது? தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நால்வருக்கு ஒருவர் வயதிற்கேற்ற உயரம் இலர். ஆறு திங்கள் முதல் ஐந்தாண்டு வரையுள்ள பிள்ளைகளுள் நூற்றுக்கு 57 பேர் குருதிச் சோகை உடையர். உயிர் காக்கும் பணியிற் பெரும்பகுதி முடிந்தது. உடல் வளர்க்கும் பணியிற் பெரும்பகுதி எஞ்சியுள்ளது. ஓராண்டு கடந்த பிள்ளைக்கு அடிக்கடி வரும் காய்ச்சலும் பேதியும் சளியும், உண்ட சிறிது உணவையும் உடலில் ஒட்டவொட்டாமற் செய்கின்றன. அவற்றை உடனுக்குடன் தீர்க்கும் மருத்துவம், வீட்டிற்கு அணித்தாக, விலையின்றிக் கிடைத்தல் வேண்டும். குறை இருக்குமிடம் இதுவே.

இரு வேலிகளுக்கிடையே

நம் ஊர்ப்பக்கத்தை நோக்குவோம். மேனாம்பேடும் ஒரகடமும் கள்ளிக்குப்பமும் ஏரியும் வயலுமாயிருந்த காலத்தை இங்குள்ள முதியோர் அறிவர். 1964ஆம் ஆண்டு அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றியபின் ஊர்களின் தொழில் மாறிற்று. 2011ஆம் ஆண்டு அம்பத்தூர் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. இன்று நம் தெருக்களில் வாழ்வார் பெரும்பாலும் தொழிற்கூடத்திலும் கடையிலும் கட்டட வேலையிலும் உழைத்துக் கூலி பெறுவோர்.

இவர்கள் பிள்ளைகட்கு நோய் வந்தால் பொருட்காப்பாக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த தொழிலாளர் ஈட்டுறுதி, நாம் இ.எஸ்.ஐ. என்று வழங்குவது. 2017ஆம் ஆண்டு சனவரியில் அதற்கு மாத ஊதிய வரம்பு 21,000 ரூபாய் என்று வகுக்கப்பெற்றது. அதனைக் கடந்தவர் அதனுட் புகார். மற்றொன்று, முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு. அதற்கு ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்து, பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பெற்றது. அஃதாவது மாதம் 10,000. இப்போது ஓர் இளந்தந்தையை எண்ணுக. அவர் ஒரு கடையில் மாதம் 15,000 ரூபாய்க்கு வேலை செய்கின்றார். முதலாளி அவரை ஈட்டுறுதியிற் பதிவு செய்திலர். அவர் வருமானமோ காப்பீட்டு வரம்பைக் கடந்தது. தொழிற்கூடத்தில் 22,000 பெறுவார் நிலையும் அன்னதே. ஒரு வேலிக்கு அவர் உயரம் மிகுதி. மற்றொரு வேலிக்கு அவர்க்கு வாயில் இல்லை. இரண்டுக்கும் இடையே அவர் மடியிற் காய்ச்சலுடன் குழவி கிடக்கின்றது.

அன்றியும், காப்பீடு என்பது பெரும்பாலும் படுக்கையிற் சேர்த்துச் செய்யும் மருத்துவத்திற்கே உதவுவது. இரவு எட்டு மணிக்கு வரும் காய்ச்சலுக்கும், மறுநாட் செய்யும் சோதனைக்கும், புட்டியில் வாங்கும் மருந்துக்கும் அது உதவாது. அரசு மருத்துவமனை அனைவர்க்கும் திறந்திருக்கின்றதே எனின், மெய். அதற்காக நாம் நன்றி பாராட்டுதல் வேண்டும். ஆனால் அம்பத்தூரில் மின்தொடர் வண்டி ஏறிச் சென்ட்ரலில் இறங்கி, மீண்டும் வண்டி மாறி எழும்பூர் சேர்ந்து, வரிசையில் நின்று மீளுதற்குள் ஒரு பகல் கழிந்துவிடும். ஆதலின், அணித்தாயுள்ள தனியார் மருத்துவரை நாடுகின்றனர். அங்கே விலை நிற்கின்றது.

மருந்தின் நான்கு உறுப்பு

திருக்குறளில் 95ஆம் அதிகாரம் மருந்து. அதன் இறுதிக் குறள் மருந்துக்கு நான்கு உறுப்புக் கூறுகின்றது: நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணுபவன். மருத்துவத்தை மருந்தளவில் நிறுத்தாது, பேணுவானையும் ஓர் உறுப்பாக வள்ளுவனார் எண்ணியது நாம் கருத்தூன்றி நோக்கத்தக்கது.

இந்நான்கனுள் இரண்டாவதையும் மூன்றாவதையும் அரசு விலையின்றித் தரக்கூடும். நான்காவதற்கு யார் விலை கொடுப்பது? குழவியுடன் மருத்துவமனையில் இருக்கும் தாய் அன்றைய கூலியை இழக்கின்றாள். மூன்று நாட்கள் இருந்தால் மூன்று நாட் கூலி போம். சில இடங்களில் வேலையே போம். மருந்து விலையில்லாதது என்று நாம் சொல்கின்றோம். அவள் கணக்கில் அது விலையுள்ளதே.

இதனை யாம் நூலிற் படித்து மட்டும் அறிந்திலோம். வகுப்பறையின் வருகைப் பதிவேட்டிலும் படித்தோம். ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் பயிலும் பெண்பிள்ளைகள் இடையிடையே மூன்று நாள், நான்கு நாள் வாராதொழிவர். காரணம் கேட்பின், "தம்பிக்கு உடம்பு சரியில்லை ஐயா, அம்மா வேலைக்குப் போகணும்" என்பர். தாயின் கூலியைக் காத்தற்பொருட்டுப் பதினொரு வயதுப் பெண், வள்ளுவனார் கூறிய நான்காம் உறுப்பாகின்றாள். தம்பியின் நோய் தமக்கையின் கல்வியை உண்கின்றது. குழவி மருத்துவத்தின் விலையை யார் செலுத்துகின்றார் என்று கேட்பீராயின், பல வீடுகளில் அச்சிறுமியே செலுத்துகின்றாள் என்போம்.

பிற நாடுகள் கண்ட வழி

இக்கோரிக்கை கனவென்று கருதற்க. நம்மவர் பலர் குடியேறி வாழும் தென்னாப்பிரிக்காவில், நெல்சன் மண்டேலா தலைமைப் பதவி ஏற்றபின், 1994ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையில், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகட்கும் கருவுற்ற தாய்மார்க்கும் அரசு மருத்துவமனைகளில் கட்டணமில்லை என்று அறிவித்தார். நிறவேற்றுமையால் நெடுங்காலம் நலிந்த நாடு, தன் விடுதலையின் முதற்கனிகளுள் ஒன்றைத் தொட்டிலிற் கொண்டு வைத்தது. சியரா லியோன் செல்வ நாடன்று. உள்நாட்டுப் போரால் உருக்குலைந்த நாடு. அதுவும் 2010ஆம் ஆண்டு ஏப்பிரல் 27ஆம் நாள், தன் விடுதலை நாளன்று, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகட்கு மருத்துவக் கட்டணத்தை நீக்கிற்று. நம் அண்டைநாடாகிய இலங்கை 1951ஆம் ஆண்டிலேயே அரசு மருத்துவமனைக் கட்டணத்தை ஒழித்தது. ஊர்தோறும் மருத்துவச்சியரை அமர்த்திக் குழவிச் சாவைக் குறைத்தமைக்காக உலகோராற் பாராட்டப்பெற்றது.

இவற்றில் நாம் கற்க வேண்டிய மற்றொரு பாடமும் உண்டு. கட்டணம் நீங்கியவுடன் தென்னாப்பிரிக்காவிலும் சியரா லியோனிலும் மருத்துவ நிலையங்களிற் கூட்டம் பெருகிற்று, செவிலியர் களைத்தனர், சில இடங்களில் மருந்து போதவில்லை. அதுகாறும் விலைக்கு அஞ்சி வீட்டிற் கிடந்த பிள்ளைகள் எத்துணையர் என்பதை அக்கூட்டமே காட்டிற்று. ஆயினும், விலையை நீக்குவோர் ஆளையும் மருந்தையும் பெருக்குதலும் வேண்டும். இன்றேல் விலையில்லாத வெறும் வரிசையே மிஞ்சும்.

தடையும் விடையும்

இனி, நம்மவருட் சிலர் எழுப்பும் தடைகட்கு விடை கூறுவோம்.

"விலையின்றிக் கிடைப்பதற்கு மதிப்பில்லை" என்பர் சிலர். இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்து 1995ஆம் ஆண்டு முதல் தெருத்தெருவாக விலையின்றி வழங்கப்பெற்றது. 2011ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள் மேற்கு வங்கத்து ஹௌராவிற் கண்ட நோயே இந்தியாவில் இறுதி. 2014ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள் அந்நோய் நீங்கியதென நமக்குச் சான்று வழங்கப்பெற்றது. அச்சொட்டு மருந்தை மதியாத தாய் எவளேனும் உண்டோ?

"செல்வர் பிள்ளைக்கும் விலையின்றி ஏன்?" என்பர் சிலர். செல்வர் வரி செலுத்துகின்றனர். அவ்வழியே அவர் தம் பங்கைத் தந்துவிட்டனர். செல்வரை விலக்க வேண்டி நாம் எழுப்பும் வேலியில் இடறி வீழ்பவர் வறியவரே. வருமானச் சான்று பெறவும், அட்டையிற் பெயர் சேர்க்கவும் அலைந்து நாட் கூலி இழப்பவர் செல்வர் அல்லர்.

"சிறு சளிக்கெல்லாம் கூட்டம் கூடும்" என்பர் சிலர். குழவிக்கு எது சிறிது, எது பெரிது என்று வகுத்தறிதல் செவிலியின் கடமை, பணப்பையின் கடமையன்று. பத்துப் பேர் வீணே வந்து மீளினும், பதினோராவது வந்த பிள்ளை உயிர் பிழைக்குமாயின் அது நட்டமாகாது.

"நம் குலத்தை நாம் காப்போம்; பிறர் குலத்தைப் பிறர் காப்பாராக" என்பது நான்காவது தடை. நம் தீர்மானத்தின் உள்ளே இருப்பது இதுவே. ஆதலின் இதற்குச் சிறிது விரித்து விடை கூறுவோம்.

தட்டம்மை கண்ட ஒரு பிள்ளை, காப்பில்லாத 12 முதல் 18 பிள்ளைகட்கு அதனைப் பரப்ப வல்லது. அது ஓரூரிற் பரவாதிருக்க வேண்டுமாயின், நூற்றுக்கு 95 பிள்ளைகளேனும் காப்புப் பெற்றிருத்தல் வேண்டும். நம் வீட்டிற் பிறந்து நான்கு திங்களான குழவிக்கு அவ்வூசி இடும் வயது இன்னும் வரவில்லை. அக்குழவியைக் காப்பவர் யார்? அடுத்த வீட்டுப் பிள்ளை, எதிர்வீட்டுப் பிள்ளை, தொழிற்பேட்டையில் வேலை தேடிப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து பின்தெருவில் ஒற்றையறையிற் குடியிருப்பார் பிள்ளை. அப்பிள்ளைகள் ஊசி பெற்றிருந்தால் நம் குழவி பிழைக்கும். அவர்கள் பெறாதிருந்தால், நம் நிதியிற் கோடி ரூபாய் குவிந்திருப்பினும் அது அக்குழவிக்கு முன்னின்று காவாது. குழாய் நீரும் கொசுவும் காற்றும் தெருவிற் புகுங்கால் வீட்டு வாயிலிற் குலம் கேட்டுப் புகுவதில்லை. நோய்க்குப் பொதுவான ஊரில் மருந்து மட்டும் தனித்தனியாதல் எங்ஙனம் இயலும்?

நம் சங்கத்தின் கடன்

நம் சங்கம் கல்விக்கும் திருமணத்திற்கும் உதவி வந்த அமைப்பு. மாதச் சந்தாவில் நடக்கும் ஓர் அமைப்பு, ஒரு பிள்ளையின் இதய அறுவைக்கோ குறைமாதக் குழவியின் நெடுநாட் படுக்கைக்கோ ஈடு கொடுத்தல் அரிது. இரண்டு பிள்ளைகட்குக் கொடுத்து மூன்றாவது பிள்ளைக்குக் கைவிரித்தால், அத்தாய் முகத்தில் நாம் எங்ஙனம் விழிப்போம்? பெருஞ்செலவைத் தாங்கவல்லது அரசின் கருவூலமே. இந்திய அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு, மக்களின் ஊட்டத்தையும் பொது நலவாழ்வையும் உயர்த்துதல் அரசின் முதற்கடமைகளுள் ஒன்று என்கின்றது. குழந்தை உரிமைகள் பற்றிய உலக உடன்படிக்கையை இந்தியா 1992ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது. கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்கும் குரலே வேண்டும்.

ஆதலின், செயற்குழுவின் தீர்மானத்தை இவ்வாறு திருத்தி நிறைவேற்றுமாறு வேண்டுகின்றோம்.

முதலாவது: ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகட்கும், வருமான வரம்பு நோக்காது, பிறப்புச் சான்று ஒன்றே கொண்டு மருத்துவக் காப்பீடும் புறநோயாளர் மருத்துவமும் விலையின்றி வழங்குதல் வேண்டும் என்று அரசை வேண்டுதல். பிறப்புச் சான்று இல்லாத பிள்ளைக்கு முதலில் மருந்து, பின்னர்ச் சான்று.

இரண்டாவது: நம் பகுதியிலுள்ள மாநகராட்சி நலவாழ்வு நிலையங்களில், வேலை முடிந்து பெற்றோர் வரும் மாலை வேளையிலும் குழந்தை மருத்துவமும் சோதனையும் மருந்தும் கிடைக்குமாறு செய்தல் வேண்டும் என்று மாநகராட்சியை வேண்டுதல். அவ்வேண்டுகோளில் நம் குலத்தார் மட்டுமின்றி, ஊரிலுள்ள பிற சங்கத்தாரும் பள்ளிவாசலாரும் தேவாலயத்தாரும் கையொப்பம் இடுமாறு நாமே சென்று கேட்டல்.

மூன்றாவது: நாம் திரட்டும் நிதியை வள்ளுவனார் கூறிய நான்காம் உறுப்புக்கு ஆக்குதல். பிள்ளையுடன் மருத்துவமனையில் இருக்கும் தாய்க்கு, அவள் எக்குலத்தாளாயினும், நாட் கூலியில் ஒரு பங்கும் உணவும் வண்டிச் செலவும் தருதல். வழியறியாதார்க்கு உடன் செல்ல நம் இளைஞர் பத்துப் பேரை அமர்த்துதல். ஊசி நாள் தவறிய பிள்ளைகள் யாவர் என்று அங்கன்வாடி அம்மையாரைக் கேட்டறிந்து, வீடுதோறும் சென்று நினைவூட்டுதல். இப்பணி சிறிய நிதியால் இயலும். சந்தாப் பணம் ஒரு ரூபாயும் வீண்போகாது.

"நாம் தந்த பணம் பிறர் பிள்ளைக்குப் போவதோ?" என்று செயற்குழுவில் ஒரு பெரியவர் வினவினார். அவர் எமக்குத் தந்தையொப்பார். பணிந்து கூறுவோம்: ஐயா, பின்தெருப் பிள்ளையின் காய்ச்சல் தீர்ந்தால் முதலிற் பயன் பெறுவது தங்கள் பேரனே. அது கணக்கு. அதற்கு மேலும் ஒன்றுண்டு; அது அறம். ஒரு குலத்தின் பெருமை, அது தன் பிள்ளைகளைக் காத்தமையால் மட்டும் விளங்குவதன்று. தன்னைச் சுற்றியுள்ள ஊர் அதனை எங்ஙனம் நினைக்கின்றது என்பதாலும் விளங்கும். மேனாம்பேட்டிற் குழவிகட்கு மாலை மருத்துவம் வந்தது யாரால் என்று நாளை ஒருவர் கேட்டால், இச்சங்கத்தாரால் என்று பிறகுலத்தார் வாய் சொல்லுமாயின், அதனினும் உயர்ந்த கல்வெட்டு நமக்கு வேண்டுவதில்லை.

முடிப்புரை

இதுகாறும் கூறியவற்றால், குழவி நோய் காலம் பொறாது என்பதும், விலை காலத்தை உண்ணும் என்பதும், வருமான வேலிகள் உழைப்பாளர் பலரை வெளியே நிறுத்துகின்றன என்பதும், விலை நீக்கும்போது ஆளும் மருந்தும் பெருக வேண்டும் என்பதும், பேணுவார் இழப்பையும் ஈடுசெய்தல் வேண்டும் என்பதும், ஊர்ப்பிள்ளைகளைக் காவாது நம் பிள்ளைகளைக் காத்தல் இயலாது என்பதும் விளங்கும்.

அடுத்த பொதுக்கூட்டத்திற்கு அன்னைமார் தவறாது வருதல் வேண்டும். இது தொட்டிலைப் பற்றிய தீர்மானம். தொட்டில் ஆட்டும் கைகள் வாக்களிக்க உயர்தல் வேண்டும். யாம் கூறியவற்றிற் குற்றம் இருப்பின் அவையோர் எடுத்துரைக்க. குணம் இருப்பின் நிறைவேற்றுக.

எல்லார் இல்லத்துக் குழவிகளும் நோயின்றி நீடு வாழ்க!